மர்ஃபி டவுன் மொட்டை மாடியில் காலநிலை வரலாறு: எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்

முதல் வருடம் நான் செய்தது தப்பு. ஒரு சார்ட் பேப்பரில் ஏழு விஞ்ஞானிகளின் பெயரையும் வருடத்தையும் எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினேன். ஃபூரியே 1824, டிண்டல் 1859, அர்ரீனியஸ் 1896 என்று வரிசையாக. பதினான்கு பிள்ளைகளும் பத்து நிமிடத்தில் ஒப்பித்துவிட்டார்கள். அப்புறம் தையற்கடைக்காரர் மகள், எட்டாம் வகுப்பு, கேட்டாள்: “சரி அத்தை, இவங்களுக்கு முதல்ல ஏன் இந்தச் சந்தேகம் வந்துச்சு?” என்னிடம் பதில் இல்லை. சார்ட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டேன்.

நான் ஆசிரியை இல்லை. பெங்களூர் பீன்யாவில் வெப்பமானியும் பிரஷர் கேஜும் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 31 வருடம் காலிபரேஷன் பிரிவில், அதாவது கருவி சரியாக அளக்கிறதா என்று சரிபார்க்கும் இடத்தில், இருந்தவள். ஓய்வு பெற்றபின் அல்சூருக்குப் பக்கத்தில் மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை நாலு மணிக்கு வகுப்பு நடத்துகிறேன். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம் என்று மூன்று மொழிக்கு நடுவில் ஓடும் பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பெண் என்னை அத்தை என்று கூப்பிடுவாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இதுபோல வகுப்பு எடுக்க நினைப்பவர்களுக்காக, எனக்குப் பலித்ததையும் பலிக்காததையும் எழுதுகிறேன்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான். விடையைச் சொல்வதற்கு முன்னால், அந்த விஞ்ஞானி எந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழித்தாரோ அந்த இடத்தில் பிள்ளைகளையும் கொஞ்ச நேரம் முழிக்க விடுங்கள். பெயரும் வருடமும் அதற்குப் பிறகு வந்தால் போதும்.

முதல் வகுப்பு: கையில் இருக்கும் கருவி

காலநிலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம். பழைய கண்ணாடி வெப்பமானியோ, கடையில் கிடைக்கும் டிஜிட்டலோ, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஒரு டம்ளரில் ஐஸைப் பொடித்து, அது மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கலக்கிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். சைபர் காட்ட வேண்டும். எங்கள் பதினான்கில் ஐந்து மட்டும்தான் காட்டின. ஒன்று 2 காட்டியது, இன்னொன்று மைனஸ் 1.

அப்புறம் கொதிக்கிற தண்ணீர். இது பெங்களூரில் வகுப்பு எடுப்பவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். 100 வரும் என்று பாடப்புத்தகத்தை நம்பி உட்கார்ந்திருப்பார்கள். 97-க்கு மேல் ஏறாது. “அத்தை, இது டுபாக்கூர்” என்பார்கள். ஐஸில் சரியாக இருந்த வெப்பமானியை எடுத்து மறுபடி வையுங்கள். அதுவும் 97தான். இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் முன்னாலேயே கொதித்துவிடுகிறது. ஒரே மேஜையில் இரண்டு விதமான வித்தியாசம்: ஒன்று கருவியின் தப்பு, இன்னொன்று உலகத்தின் உண்மை. எது எது என்று எப்படிப் பிரிப்பது? இந்த ஒரு கேள்வி பிடிபட்டால் பாக்கி ஏழு வாரமும் வண்டி தானாக ஓடும். ஏனென்றால் இருநூறு வருடமாக இந்தத் துறையில் நடந்த சண்டைகளில் பெரும்பாலானவை இந்தச் சண்டைதான்.

வாளி

இதற்கு அடுத்த வாரம் ஃபூரியேவின் சந்தேகம். சூரியன் தினமும் சூட்டைக் கொட்டுகிறது. அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி பூமி ஏன் மேலும் மேலும் காய்ந்துகொண்டே போகவில்லை? கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். “ராத்திரி ஆறிடும்” என்பார்கள். ஆறினால் அந்தச் சூடு எங்கே போகிறது? “காத்துக்கு.” காற்றிலிருந்து? பூமிக்கு வெளியே காற்றே கிடையாதே. இங்கே பத்து நிமிடம் மாட்டிக்கொள்வார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சமாகத்தான் அது வெளியே போக வேண்டும் என்பதைப் பிரான்சில் ஜோசப் ஃபூரியே 1820-களில் எழுதினார். வரும் வெளிச்சத்துக்கு வழிவிடும் காற்று, போகிற இருட்டுச் சூட்டுக்கு அந்த அளவு வழிவிடுவதில்லை என்பதும் அவர் ஊகம். ஊகம்தான், அளந்து பார்க்கவில்லை.

இதற்கு இருபது லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று வேண்டும். அடியில் ஆணியால் நாலு ஓட்டை. மேல் தொட்டியிலிருந்து ஒரு குழாயைப் போட்டு சீராகத் தண்ணீர் விடுங்கள். மட்டம் ஏறும், அப்புறம் ஒரு இடத்தில் நின்றுவிடும். மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மட்டம் ஏன் நின்றது? வருகிற அளவே போகிறது என்று அவர்களே சொல்வார்கள். இப்போது ஒரு ஓட்டையை விரலால் அடையுங்கள். மட்டம் ஏறத் தொடங்கும். “நிரம்பி வழிஞ்சிடும்” என்று பாதிப் பேர் கத்துவார்கள். வழியாது. இன்னும் உயரத்தில் போய் மறுபடி நிற்கும், ஏனென்றால் மட்டம் உயர்ந்ததும் பாக்கி மூன்று ஓட்டைகளில் தண்ணீர் வேகமாகப் பாய்கிறது. இரண்டாவது கோடு.

இந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் காலநிலை மாற்றம். ஜான் டிண்டலும் கிட்டத்தட்ட இதே உவமையைத்தான் சொன்னார்: ஆற்றின் குறுக்கே அணை கட்டினால் அந்த இடத்தில் தண்ணீர் ஆழமாவதைப் போல, பூமியின் சூட்டுக்குக் குறுக்கே நிற்கும் காற்று இங்கே வெப்பநிலையை உயர்த்துகிறது என்று. ஏரியும் கலங்கலும் பார்த்த நம் ஆட்களுக்கு இது சட்டென்று விளங்கும். ‘பசுமை இல்லம்’ என்ற சொல்லை நான் கடைசி வாரம் வரை எடுப்பதில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளைகள் வானத்தில் கண்ணாடியைத் தேடுகிறார்கள், அல்லது ஓசோன் ஓட்டைக்குப் போய்விடுகிறார்கள். அது வேறு கதை.

2024 கோடையில் எங்கள் தெருவில் போர்வெல் வற்றி, டாங்கருக்குக் காத்துக் கிடந்தோம். குழாயைத் திறந்துவிட்டு வாளிப் பாடம் நடத்த மனசு வரவில்லை. ஜூன் மழை வரும்வரை தள்ளிப்போட்டேன்.

இரண்டு பாட்டில், அப்புறம் மூன்றாவது

அடுத்தது யூனிஸ் ஃபுட். அமெரிக்கப் பெண்மணி. 1848-இல் செனகா ஃபால்ஸில் நடந்த பெண்ணுரிமை மாநாட்டின் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1856-இல் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் 125 ஃபாரன்ஹீட் வரை, அதாவது 52 டிகிரி வரை ஏறியது. வெயிலிலிருந்து எடுத்த பிறகும் அது ஆற வெகுநேரம் பிடித்தது. காற்றில் இந்த வாயு அதிகமாக இருந்த காலத்தில் பூமி இன்னும் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதிவிட்டார். ஆல்பனியில் நடந்த அறிவியல் மாநாட்டில் அந்தக் கட்டுரையை வாசித்தது அவர் அல்ல, ஜோசப் ஹென்றி என்ற ஆண் விஞ்ஞானி. அப்புறம் நூற்றைம்பது வருடம் போல யாருக்கும் ஞாபகம் இல்லை.

இங்கே ஒரு சின்ன விஷயம். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் இந்த வாயுவுக்குப் பெயர் ‘கார்பானிக் ஆசிட் கேஸ்’. நம் ‘கரியமில வாயு’ அதே பெயர்தான்: கரி, அமிலம், வாயு. ஆங்கிலத்தில் பெயர் கார்பன் டை ஆக்சைடு என்று மாறிவிட்டது, தமிழில் 1856 இன்னும் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

ஃபுட்டின் சோதனையைச் செய்யலாம். இரண்டு ஜூஸ் பாட்டில், அடியில் கறுப்புக் காகிதம், உள்ளே தொங்கும் வெப்பமானி. வேறொரு பாட்டிலில் சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து, வருகிற வாயுவைக் குழாய் வழியாக ஒன்றில் மட்டும் விட வேண்டும். நேராகப் பாட்டிலுக்குள்ளேயே கலக்காதீர்கள். நான் முதல் தடவை அப்படிச் செய்து நுரை பொங்கி, ஒரு பையனின் வெள்ளைச் சட்டையெல்லாம் வினிகர் நாற்றம். அவன் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. சரி, வெயிலில் இருபது நிமிடம் வைத்தால் கரியமில வாயுப் பாட்டில் இரண்டு மூன்று டிகிரி கூடக் காட்டும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

பெரும்பாலான பள்ளிக் கண்காட்சிகளில் இதோடு நிறுத்திவிட்டு ‘உலகம் சூடாவதை நிரூபித்துவிட்டோம்’ என்று அட்டை வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பழைய பீன்யா பழக்கத்தில், ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லி பலூனில் ஆர்கான் வாயு பிடித்துக்கொண்டு வந்தேன். ஆர்கான் சூட்டுக் கதிரைத் தொடுவதே இல்லை. ஆனால் கரியமில வாயு மாதிரியே காற்றைவிடக் கனமானது. மூன்றாவது பாட்டிலில் அதை விட்டோம். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு சூடேறியது!

பிள்ளைகள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு பையன் நான் ஏமாற்றிவிட்டதாகவே முடிவு கட்டினான். விஷயம் இதுதான்: கனமான வாயு பாட்டிலின் அடியில் படுத்துக்கொள்கிறது, வெளிக்காற்றோடு சீக்கிரம் கலப்பதில்லை, அதனால் சூடு தங்குகிறது. நாம் பார்த்த வித்தியாசத்தில் பெரும்பங்கு அதுவே. கரியமில வாயு சூட்டுக் கதிரைப் பிடிப்பது உண்மை. ஆனால் இந்தப் பாட்டில் அதைக் காட்டவில்லை. சரியான முடிவு, தப்பான காரணம். காலிபரேஷனில் இருந்த எங்களுக்கு இதைவிட ஆபத்தான ஜோடி கிடையாது. ஃபுட்டின் குழாய்களிலும் ஒரு குறை உண்டு. கண்ணாடியே இருட்டுச் சூட்டை மறித்துவிடும், ஆகவே அவர் அளந்தது வெயிலின் சூட்டைத்தான், பூமி திருப்பி அனுப்பும் சூட்டை அல்ல. இதைச் சொன்னால் அவர் மதிப்பு குறையாது. அடுத்து டிண்டல் ஏன் தேவைப்பட்டார் என்பது இதிலிருந்துதான் புரியும்.

இந்துப்பும் வெப்பத் துப்பாக்கியும்

லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1859-இல் டிண்டல் ஒரு நீளப் பித்தளைக் குழாய் செய்தார். ஒரு பக்கம் கொதிநீர் வைத்த பெட்டி, மறுபக்கம் சூட்டை மின்சாரமாக்கிக் காட்டும் கருவி. நடுவில் வாயு. குழாயின் இரண்டு முனையையும் மூட வேண்டும், ஆனால் கண்ணாடி போட்டால் சூடு நின்றுவிடும். என்ன செய்தார்? பிள்ளைகளிடமே கேளுங்கள். பிளாஸ்டிக், துணி, பேப்பர் எல்லாம் வரும். அப்புறம் நாட்டு மருந்துக்கடையில் வாங்கிய ஒரு இந்துப்புக் கட்டியை மேஜைமேல் வையுங்கள். பாறை உப்பைத் தகடாக்கி மெருகேற்றித்தான் அவர் ஜன்னல் வைத்தார். உப்பு சூட்டுக் கதிருக்கு வழிவிடும்.

கிடைத்த முடிவு அவருக்கே ஆச்சரியம். காற்றில் பெரும்பகுதியான நைட்ரஜனும் ஆக்சிஜனும் சூட்டை மறிக்கவே இல்லை என்று சொல்லலாம். துளியூண்டு இருக்கும் நீராவியும் கரியமில வாயுவும்தான் மறித்தன.

இதை நம் மாடியில் காட்ட எஸ்.பி. ரோட்டில் விற்கும் தொழிற்சாலை வகை அகச்சிவப்பு வெப்பமானி போதும், துப்பாக்கி மாதிரி இருக்கும், தூரத்திலிருந்தே சூட்டுக் கதிரை அளக்கும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேராகப் பிடித்தது உதவாது, உடம்புச் சூட்டைத் தாண்டினால் ‘ஹை’ என்று மட்டும் காட்டும். கொதிக்கும் கெட்டிலுக்கு நேராகப் பிடியுங்கள்: 90 சொச்சம். நடுவில் ஒரு கண்ணாடித் தகடு வையுங்கள்: கெட்டில் மறைந்து கண்ணாடியின் சூடு மட்டும் தெரியும், கண்ணுக்கு எதிரே கெட்டில் நன்றாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே. மெல்லிய பாலித்தீன் பையை வையுங்கள்: கெட்டில் திரும்பி வந்துவிடும். கண்ணுக்குத் தெரிவது வேறு, சூட்டுக்குத் தெரிவது வேறு என்பது இதற்கு மேல் விளக்கம் கேட்காது.

அப்புறம் வானத்தைச் சுடச் சொல்லுங்கள். ஜனவரி மாதத் தெளிவான சாயங்காலம் சைபருக்குக் கீழே போனது. மேகம் மூடிய நாளில் அதே நேரத்தில் 12. மேகம் போர்வை என்பதை இனி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்லிவிடுங்கள்: இந்தத் துப்பாக்கிகள் கரியமில வாயு அதிகம் குறுக்கிடாத அலைநீளத்தில்தான் வேலை செய்கின்றன. நாம் பார்த்தது மேகத்தையும் நீராவியையும்.

அர்ரீனியஸும் மூன்றாவது கம்பளியும்

சுவீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ், நிலா வெளிச்சத்தின் சூட்டை லாங்லி என்பவர் அளந்து வைத்த எண்களை எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரு வருடம் கையாலேயே கணக்குப் போட்டார். மனைவி பிரிந்து போன சமயம் அது. கரியமில வாயு இரட்டித்தால் 5, 6 டிகிரி ஏறும் என்று 1896-இல் வெளியிட்டார். இன்றைய கணக்குப்படி இது கொஞ்சம் அதிகம். அவர் பயந்து எழுதவில்லை, குளிர் நாட்டுக்காரர். கொஞ்சம் சூடானால் நல்லது என்றே நினைத்தார்.

நான் அதிக நேரம் செலவழிப்பது அவரிடம் அல்ல, அவரை மறுத்த க்னுட் ஆங்ஸ்ட்ராமிடம். 1900 வாக்கில் குழாயில் கரியமில வாயுவைக் குறைத்துப் பார்த்தார்கள். மறிக்கும் அளவு ஏறக்குறைய அப்படியே இருந்தது. இருக்கிற வாயுவே மறிக்க வேண்டியதை மறித்துவிட்டது, இனி கூட்டினாலும் மாற்றமில்லை என்று முடிவு கட்டினார்கள். பல பத்தாண்டுகள் பெரும்பாலோர் அதை நம்பினார்கள். பிள்ளைகளைக் கேளுங்கள், இது தப்பா சரியா? எல்லோரும் சரி என்பார்கள். எனக்கும் முதலில் சரியென்றே பட்டது.

இதை அவிழ்க்க இரண்டு கம்பளியும் ஒரு தன்னார்வலரும் வேண்டும். ஒரு பையனைக் கம்பளியால் போர்த்துங்கள். தெரிகிறானா? இல்லை. இரண்டாவது போர்த்துங்கள். ‘தெரியாமல் இருப்பது’ கூடிவிட்டதா? இல்லை. மூன்றாவது கொண்டு வரட்டுமா என்றதும் உள்ளேயிருந்து “வேணாம் அத்தை, வேர்க்குது!” என்று குரல் வரும். மறைப்பது ஒரு கம்பளியிலேயே முடிந்துவிட்டது. சூடு தங்குவது முடியவில்லை. வானத்திலும் அப்படித்தான். சூடு கடைசியில் தப்பிப்பது மேலே, மெலிந்த குளிர்ந்த அடுக்கிலிருந்து. வாயு கூடினால் அந்த அடுக்கு இன்னும் உயரத்துக்கு, இன்னும் குளிருக்குப் போகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து கம்மியாகத்தான் சூடு வெளியேறும். வாளியில் விரல் வைத்த மாதிரி. மாடியில் மே மாதம் இதைச் செய்யாதீர்கள்.

வெப்பமானியை எங்கே மாட்டுவது

கய் காலென்டர் என்பவர் நீராவி எஞ்சினியர், வானிலை அவருக்குப் பொழுதுபோக்கு. 1938-இல் உலகம் முழுக்க 147 நிலையங்களின் பழைய பதிவுகளைச் சேர்த்து, அரை நூற்றாண்டில் பூமி கொஞ்சம் சூடாகியிருக்கிறது, காரணம் நாம் எரிக்கும் கரி என்றார். பெரிய வானிலை நிபுணர்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு நம்பவில்லை.

பிள்ளைகளையே அந்த நிபுணர்களாக்குங்கள். காலென்டரை மடக்க என்ன கேட்பீர்கள்? பெங்களூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் வரும்: “ஊருக்கு நடுவுல அளந்தா சூடாத்தான் இருக்கும்!” அந்தக் கேள்வியை அவரே எடுத்துக்கொண்டு நகரத்தின் பாதிப்பைச் சரிபார்த்தார் என்று சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்கு வீட்டுப்பாடம்: முதல் வகுப்பில் சரிபார்த்த வெப்பமானியால் மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டுச் சுவர், தார் ரோட்டு ஓரம், அல்சூர் ஏரிக்கரை மரநிழல் மூன்றிலும் அளந்து வர வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு 6 டிகிரி வரை வித்தியாசம் வந்தது. வானிலை நிலையங்களில் வெள்ளைப் பெயிண்ட் அடித்த மரச்சட்டப் பெட்டிக்குள், நிழலில், காற்றோட்டமாக, எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் ஏன் மாட்டுகிறார்கள் என்று அதற்குப் பிறகு சொன்னால் ஏறும்.

அன்னா மணியை இங்கேதான் கொண்டு வருவேன். பீர்மேட்டில் பிறந்து, சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்து, இந்த ஊரில் சி.வி. ராமனிடம் வைரங்களைப் பற்றி ஆராய்ந்தவர். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1948-இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்யவும் தரப்படுத்தவும் பாடுபட்டார், ஏறக்குறைய நூறு கருவிகளுக்கு வரைபடம். தப்பாக அளப்பதற்கு அளக்காமலே இருக்கலாம் என்பது அவர் கட்சி. என் மேஜைக்கு மேல் அவர் படம் இருந்தது, மேனேஜர் சாமி படம் மாட்டச் சொன்னபோதும்.

நம் ஊர் மழை

ஒரு சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். தாது வருடப் பஞ்சத்தில் ஆரம்பியுங்கள். 1876-இலிருந்து 1878 வரை சென்னை மாகாணமும் மைசூர் ராஜ்ஜியமும் பட்டினியால் காலியான கதை. சில வீடுகளில் பாட்டி சொன்னதாகப் பிள்ளைகளே ஏதாவது கொண்டு வருவார்கள். மழை ஏன் பொய்த்தது, முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா என்ற கேள்வி அரசாங்கத்தையும் பிடித்து ஆட்டியது. 1875-இல்தான் இந்திய வானிலைத் துறை தொடங்கியிருந்தது. அதன் தலைவர் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியைப் பார்த்து மழையைக் கணிக்கப் பார்த்தார். சூரியப் புள்ளிகளில் தேடியவர்களும் உண்டு. கொடைக்கானல் வான் ஆய்வகம் எழுந்ததற்கு அந்தத் தேடலும் ஒரு காரணம்.

1904-இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணித ஆள். உலகம் முழுக்க வந்த அழுத்தம், மழை எண்களை இந்திய எழுத்தர்களை வைத்துக் கூட்டிப் பெருக்கி ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறும்போது இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, ஊஞ்சல் மாதிரி. அவர் தேடிய பருவமழை ஜோசியம் கடைசி வரை சரியாகக் கைகூடவில்லை. கிடைத்தது இந்த ஊஞ்சல். அது எல் நினோவோடு, அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதோடு, சேர்ந்த விஷயம் என்பதை 1960-களில் பியெர்க்னஸ் என்ற வானிலை விஞ்ஞானி விளக்கினார். இதே வாக்கர்தான் 1913-இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் நோட்டைப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். ராமானுஜன் என்றதும் தூங்குகிற பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும்.

கீலிங்கின் கோடு

நாம் விடும் கரியமில வாயு எல்லாவற்றையும் கடல் விழுங்கிவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். அவ்வளவு வேகமாக விழுங்காது என்று 1957-இல் ரெவெல், சூஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். அப்படியானால் காற்றில் கூடுகிறதா? அளந்தால்தானே தெரியும்.

சார்ல்ஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மௌனா லோவா எரிமலைச் சரிவில், 3,400 மீட்டர் உயரத்தில் கருவியை வைத்தார். அது டிண்டலின் குழாயின் பேரப்பிள்ளைதான், வாயு மறிக்கும் அகச்சிவப்பை அளப்பது. முதல் அளவு 313 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 313 பங்கு. ஏன் அவ்வளவு தூரம் போனார் என்று கேளுங்கள். “சில்க் போர்டுல வெச்சா பஸ் புகைதான் வரும்” என்றாள் ஒருத்தி, எங்கள் ஊரில் வண்டிகள் நெரியும் சந்திப்பைச் சொல்லி. சரியான விடை.

கிராஃப் தாள் கொடுத்து, சராசரி எண்களை நீங்கள் வாசிக்க, அவர்கள் புள்ளி வைக்கட்டும்: 1959-இல் 316, 1970-இல் 326, 1980-இல் 339, 1990-இல் 354, 2000-இல் 370, 2010-இல் 390, 2020-இல் 414, 2024-இல் 425. யாரும் பேசாமல் புள்ளி வைக்கும் அந்தப் பத்து நிமிடம் என் வகுப்பிலேயே அமைதியான நேரம். கோடு நேராக இல்லை, மேல்நோக்கி வளைகிறது என்று யாராவது ஒருவர் கவனிப்பார். பாதிப் பேருக்கு அச்சை 300-இல் தொடங்கவும் மீதிப் பேருக்குச் சைபரில் தொடங்கவும் சொல்லியிருப்பேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று மலை, ஒன்று மேடு. எது பொய் என்ற சண்டை வரும். வரட்டும்.

ஒவ்வொரு வருடமும் மே மாதம் ஏறி, செப்டம்பர் வாக்கில் இறங்கும் ரம்பப்பல் பற்றியும் சொல்லுங்கள். வடபாதியில்தான் நிலம் அதிகம்; அங்கே கோடையில் மரம் செடிகள் இழுத்துக்கொள்கின்றன, குளிர்காலத்தில் விட்டுவிடுகின்றன. நாற்பது வருடத்துக்கும் மேல் அந்த மனிதர் ஒப்பீட்டு வாயு சிலிண்டர்களைச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார், நடுவில் பணம் நிறுத்தப்பட்டு 1964-இல் சில மாதம் பதிவு அறுந்தது. எங்கள் தொழில்காரர் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பனிப்பாறையைத் துளைத்து எடுத்த குமிழிகளைப் பற்றி அரை மணி போதும். அண்டார்டிகாவில் எட்டு லட்சம் வருடக் காற்று கிடைத்திருக்கிறது, அத்தனை காலத்திலும் 300-ஐத் தாண்டியதில்லை. கிராஃப் தாளின் இடது பக்கம் இந்த எட்டு லட்சத்தை ஒட்ட எத்தனை தாள் வேண்டும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். தெருமுனையையும் தாண்டிப் போகும்.

ஃப்ரிட்ஜ்

வீரபத்ரன் ராமநாதனைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் பிறந்தவர். பதினோரு வயதில் குடும்பம் பெங்களூருக்கு வந்தது. தமிழில் படித்த பையனுக்குத் திடீரென்று வகுப்பெல்லாம் ஆங்கிலம். ஆசிரியர் சொல்வதைக் கேட்கும் பழக்கமே விட்டுப்போய், எல்லாவற்றையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல். செகந்திராபாத்தில் குளிர்சாதனப் பெட்டி செய்யும் இடத்தில் வேலை, அந்த வாயு ஏன் கசிகிறது என்று பார்ப்பது. அப்புறம் இங்கே ஐ.ஐ.எஸ்ஸி., அங்கிருந்து அமெரிக்கா.

1975-இல் அவர் கண்டது: ஃப்ரிட்ஜிலிருந்து கசியும் சி.எஃப்.சி. வாயு, ஓசோனைத் தின்பது போக, சூட்டையும் மறிக்கிறது. ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுக்குச் சமம். ஆங்ஸ்ட்ராம் கதையை நினைவுபடுத்தி ஏன் என்று கேளுங்கள். இது வாளியில் யாரும் இதுவரை விரல் வைக்காத ஓட்டை. துளி அடைத்தாலும் மட்டம் ஏறும். போன வருடம் இதை ஒரு பிள்ளை, எனக்கு முன்னாலேயே, தானாகச் சொன்னாள். திருப்பத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, அதுவரை என் வகுப்பில் அவள் வாயைத் திறந்ததில்லை.

பெற்றோருக்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். “எல்லாம் சூரியனோட வேலைம்மா” என்று ஒரு அப்பா கட்டாயம் வருவார். மனாபேயும் வெதரால்டும் 1967-இல் போட்ட கணினிக் கணக்குதான் பதில். கரியமில வாயு காரணமென்றால் கீழ்க்காற்று சூடாகும்போது அடுக்குமண்டலம் என்கிற மேல்காற்று குளிர வேண்டும். சூரியன் காரணமென்றால் இரண்டும் சூடாக வேண்டும். மேலே அளந்தார்கள், குளிர்கிறது. மனாபேக்கு 2021-இல் நோபல் பரிசு. அந்த அப்பாவுக்குக் காபி கொடுத்து வாளியையும் காட்டிவிடுங்கள்.

தேர்வு வைப்பதானால் வருடம் கேட்காதீர்கள். நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: “நீ 1938-இல் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாய். காலென்டரை நம்புவாயா? ஏன்?” நம்பமாட்டேன் என்று எழுதியவர்களுக்கும் முழு மதிப்பெண் உண்டு, காரணம் உருப்படியாக இருந்தால். போன தடவை தையற்கடைக்காரர் மகள் எழுதியது: “147 தெர்மாமீட்டரையும் யாராவது ஐஸ்ல போட்டுப் பாத்தாங்களான்னு முதல்ல கேட்பேன்.”

அடுத்த வகுப்புக்காக மூட்டை கட்டும்போது, ஐஸில் சைபர் காட்டாத வெப்பமானிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை டிகிரி பிசகு என்று ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதி ஒட்டி வையுங்கள். புது பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.